உள்ளிருந்து திறக்க வேண்டிய கதவு

முத்து,

நீ அனுப்பிய வேன் படத்தைப் பார்த்தேன். வண்டி பார்வைக்கு லட்சணமாகத்தான் இருக்கிறது. சீசன் தொடங்குவதற்குள் புனலூர்க்காரரிடம் பேசி முடித்துவிட்டால், நீயும் மருமகள் தேவியும் குற்றாலத்துக்கு வருகிறவர்களை அருவி அருவியாகக் கூட்டிப்போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று நீ சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாயே, "பழைய வேன் எஃப்.சி.யில் எதுக்கெல்லாம் ஃபெயில் ஆகும், உனக்குத்தான் தெரியுமேம்மா" என்று. தெரியும். அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பேசும்போதெல்லாம் பக்கத்தில் தேவி சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அந்தச் சிரிப்புக்கு நடுவே சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

உனக்கு அப்போது ஐந்து வயது. உன் அப்பா பட்டாளத்தில், பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரில் இருந்தார். மேலகரத்திலிருந்து தென்காசிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஆட்டோவில் புளி அடைத்த மாதிரி அடைத்துக்கொண்டு போவார்கள். அதைத் தினமும் பார்த்துப் பார்த்து, நாமே ஒரு வேன் வாங்கி ஓட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. லைசென்ஸ் கையில் இருந்தது. தெருவில் கேட்டபோது, "நீ ஓட்டுதியா? அப்பன்னா எம்புள்ளைய ஒன்னய நம்பித் தாரேன்" என்று பல வீட்டில் சொன்னார்கள். செங்கோட்டையில் ஒரு புரோக்கர் ஒரு வெள்ளை வேனைக் காட்டினார். "ஷெட்லயே கெடந்த வண்டிம்மா. மழ வெயிலே பாக்காதது" என்றார். புதுப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனைதான் முதல் எச்சரிக்கை என்று இப்போது தெரிகிறது. பழைய வண்டியில் புதுப் பெயிண்ட் இருந்தால், அது எதையோ மூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள். எனக்கு அன்று அந்தப் புத்தி இல்லை. ஸ்கூல் வண்டிக்குரிய மஞ்சளை அதன்மேல் இன்னொரு பூச்சாகப் பூசி, எஃப்.சி.க்கு, அதாவது ஓடத் தகுதியான வண்டி என்கிற சான்றுக்கு, கொண்டுபோய் நிறுத்தினேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்தச் சான்று வந்துவிட வேண்டும். அது இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூட ஏற்ற மாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

முதல் தடவையே திருப்பி அனுப்பினார்கள். ஆய்வாளர் இளவயதுக்காரர், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளாமல் வேலையைக் கடுமையாகச் செய்கிறவர். பிரேக் பிடித்ததும் வண்டி இடதுபக்கம் இழுத்தது. ஸ்டீயரிங்கை ஆட்டினால் சக்கரம் சற்றுநேரம் கழித்துத்தான் கேட்டது. ஹெட்லைட் இரண்டும் மங்கலாக, சாமி அறை விளக்குப் போல எரிந்தன. அவர் குனிந்து உள்ளே விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கி, ஒரு ஸ்குரூ டிரைவரால் தரையைக் குத்தினார். தகடு பப்படம் மாதிரி நொறுங்கி ஸ்குரூ டிரைவர் மறுபக்கம் போய்விட்டது. "மேல தார் பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்காங்கம்மா. இதுல புள்ளைங்கள ஏத்த முடியாது" என்றார். சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள் இல்லையா, அந்த எண்கள்கூட துரு அரித்துப் பாதிதான் வந்தன. நீ வாங்குகிற வண்டியிலும் முதலில் விரிப்பைத் தூக்கு. அடியில் படுத்துப் பார். கறுப்பாகப் பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படாதே. அங்கே குத்திப் பார்.

வண்டியை மைதீன் பாய் ஷெட்டில் விட்டேன். கடையநல்லூர்க்காரர். கொஞ்சநாள் வெளிநாட்டில் லாரி பார்த்துவிட்டு வந்தவர். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள். அவர் ஹெட்லைட்டைக் கழற்றிக் கவிழ்த்தபோது, உள்ளிருந்து ஒரு கை அளவு வண்டல் மண் விழுந்தது. அதில் காய்ந்த நாணல் ஒன்று ஒட்டியிருந்தது. பாய் சிரிக்கவில்லை. "அக்கா, இது ஷெட்ல கெடந்த வண்டி இல்ல. ஆத்துக்குள்ள கெடந்த வண்டி" என்றார். நான் புரோக்கருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. வேறு வழியில்லை. தரைத்தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டு வைத்தோம். பிரேக் குழாய்கள் எல்லாம் துருப்பிடித்து ஊறிப்போயிருந்தன, மாற்றினோம். வெட்டிய இடுக்குகளிலிருந்தெல்லாம் மண் வந்தது. வெளியே சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது, அந்த மண் மட்டும் ஈரமாக இருந்தது.

அதற்கப்புறம்தான் தட்டுகிற சத்தத்தை நான் கவனித்தேன். ஓட்டும்போது பின்னாலிருந்து டொக், டொக் என்று வரும். பழைய வேன்களில் இது சகஜம். புஷ் தேய்ந்திருக்கும், ஷாக் அப்சார்பர் போயிருக்கும், எஃப்.சி.யில் அதையும் பார்ப்பார்கள். பாய் ஒவ்வொன்றாக மாற்றினார். சத்தம் போகவில்லை. பிறகு ஒருநாள் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். சத்தம் தொடர்ந்தது. நின்ற வண்டியில் என்ன சத்தம் என்று நான் திரும்பிப் பார்க்கும்போதே, பக்கவாட்டில் தள்ளுகிற அந்தப் பெரிய கதவு, யாரோ பொறுமையாகத் தள்ளுவது போல மெல்ல நகர்ந்து முழுசாகத் திறந்துகொண்டது. சத்தம் நின்றது. அன்றிலிருந்து அதுதான் வழக்கம். கதவைச் சாத்தினால் தட்டல். கதவு தானாகத் திறக்கும். உடனே அமைதி. பாய் பூட்டை மாற்றினார். கதவு ஓடுகிற தண்டவாளத்தை நிமிர்த்தினார். வேறு வண்டியின் பூட்டை உள் கைப்பிடியோடு கழற்றி வந்து மாட்டினார். "பூட்டுல ஒரு குத்தமும் இல்லக்கா. கையில வச்சுப் பாத்தா பிடிக்கி. இதுல மாட்டுனா மட்டும் மாட்டேங்குது" என்று தலையைச் சொறிந்தார்.

இரண்டாம் தடவை மற்ற எல்லாவற்றிலும் தேறியது. கதவில் விழுந்தது. ஆய்வாளர் சாத்திவிட்டு இரண்டடி நடப்பதற்குள் அது திறந்துகொண்டது. "ஓடும்போது இப்படித் திறந்தா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். வரும் வழியில் நீ பின் இருக்கையில் உட்கார்ந்து கதவின் உள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தாய். நான் திட்டினேன்.

"ஏலே, கைய எடு. நீதான் தெறக்கியோ?"

"நான் இல்லம்மா. அந்த அத்ததான் தெறக்கச் சொல்லுதாங்க."

"எந்த அத்தலே?"

"இங்கன இருக்காங்கள்ல. கதவச் சாத்தாதங்காங்க. மூச்சு முட்டுதாம்."

நீ அதைப் பயமில்லாமல், பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாய். கண்ணாடியில் பார்த்தேன். உன்னைத் தவிர யாரும் இல்லை. ஆனால் நீ ஜன்னலோரமாக ஒதுங்கி, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டு உட்கார்ந்திருந்தாய். அன்றிலிருந்து உன்னை முன்னால் என் பக்கத்தில்தான் உட்கார வைத்தேன். இது எதுவும் உனக்கு ஞாபகம் இல்லை என்று எனக்குத் தெரியும். பெரியவனான பிறகு ஒருதடவை மறைமுகமாகக் கேட்டும் பார்த்தேன். எந்த மஞ்சள் வேன் என்று கேட்டாய். அத்துடன் விட்டுவிட்டேன்.

மூன்றாம் தடவை போனபோதும் கதவுதான். பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்கிவிட்டது. எஃப்.சி. பார்க்கிற மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நான், பாய், நீ மூன்று பேரும் நின்றோம். அப்போது ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் மடக்கிய குடை, அறுபதை நெருங்கும் வயது. முந்தைய தடவைகளிலும் வாசல் பக்கம் அவர் நின்றதைப் பார்த்திருக்கிறேன். யாரோ புரோக்கர் என்று நினைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த கதவையே பார்த்தார்.

"தாயி, இந்தக் கதவ உள்ள இருந்து தெறக்க முடியுதா?"

"உள்ள இருந்தா? அது சாத்தவே மாட்டேங்குது அண்ணாச்சி. தன்னால தெறந்துக்கிடுது."

"தெறந்துக்கிடுதா?" என்றார். கதவின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெறக்கலியே" என்றார்.

அவர் சிவகிரிப் பக்கம். அந்த வேன் முன்பு அவருடையது. தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மஞ்சள் வேன் கதவு திறந்தபடி நிற்பதைப் பார்த்திருக்கிறார். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பித் தடுப்பு அவர் கையால் வைத்தது. அதை வைத்து அடையாளம் கண்டிருக்கிறார். ஸ்கூல் வண்டி எப்படியும் எஃப்.சி.க்கு வந்துதானே ஆகவேண்டும் என்று இங்கே வந்து வந்து காத்திருந்திருக்கிறார். குடையை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார்.

"உள்பக்கத்துக் கைப்பிடி ஒடஞ்சு போச்சு. மாத்தல. ஆள் எறங்கணும்னா நான் சுத்தி வந்து வெளிய இருந்து தெறந்து விடுவேன். அதையே ஒரு மரியாதன்னு நெனச்சிருவாங்க. எஃப்.சி.க்குப் போம்போது மட்டும் சேக்காளி வண்டியில இருந்து ஒரு கைப்பிடி வாங்கி மாட்டிக்கிடுவேன். மறுநா கழட்டிக் குடுத்துருவேன். பாஸும் பண்ணிட்டாங்க. ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தோம். எம்பொண்டாட்டி பின்னால படுத்திருந்தா. தரைப்பாலத்துல தண்ணி கணுக்கால் அளவுதான் போச்சு. தாண்டிரலாம்னு எறக்குனேன். மலையில பெஞ்ச மழை நமக்குத் தெரியுமா தாயி? காட்டாறு ஒரே மூச்சுல வந்துட்டு. வண்டி சாஞ்சு நாணல்ல போயி மாட்டுச்சு. நான் முன்கதவு வழியா வெளிய வந்துட்டேன். இந்தக் கதவப் புடிச்சித் தொங்குதேன், இழுக்கேன், தண்ணி அமுக்குது, வரமாட்டேங்குது. உள்ள இருந்து தட்டுனா. கொஞ்ச நேரம் தட்டுனா."

பாய் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பெரியவர் வண்டிக்குள் ஏறினார். அவள் படுத்திருந்த இருக்கையில் உட்கார்ந்து, "சாத்துங்க தாயி. உள்ள இருந்து நான் தெறக்கேன்" என்றார்.

எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வரவில்லை. சாத்தினேன். 'கிளிக்' என்று பூட்டு விழுந்தது. அந்த வண்டியில் அந்தச் சத்தத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கதவு நின்றது. நாங்கள் காத்திருந்தோம். திறக்கவில்லை. பிறகு தட்டல் தொடங்கியது. டொக், டொக் என்று நிதானமாக வந்தது வேகமெடுத்தது. பாய் கதவை இழுத்தார். காலை வண்டியில் ஊன்றி இழுத்தார். அசையவில்லை. பின்கதவும் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கம் புகைபடர்ந்தாற்போல மங்கின. பாய் ஓடிப்போய் முன்பக்கம் ஏறி, கம்பித் தடுப்பு வழியாகப் பார்த்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தபோது உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, அவரு சும்மா உக்காந்திருக்காரு. கை ரெண்டும் மடியில இருக்கு."

தட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது, முத்து. மத்தியான வெயில். சுற்றிலும் லாரிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். என் உள்ளங்கையை அந்தக் கதவில் வைத்தேன். வெயிலில் கிடந்த இரும்பு, கை பொசுங்கியிருக்க வேண்டும். கிணற்றுச் சுவர் போலச் சில்லென்று இருந்தது. தட்டுகிற ஒவ்வொரு அடியும் என் கையில் விழுந்தது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீ கூப்பிட்ட முறையை வைத்து நானும் கூப்பிட்டேன். "மதினி, நான் ஒரு புள்ளயப் பெத்தவ சொல்லுதேன். கதவு தெறந்துதான் இருக்கு. நீங்க எறங்குங்க. அவரையும் விட்டுருங்க" என்றேன். என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் வந்த வார்த்தை. தட்டல் நின்றது. கைப்பிடியை லேசாகத் தொட்டேன், கதவு எண்ணெய் விட்டது போல வழுக்கிக்கொண்டு திறந்தது.

பெரியவர் இறங்கினார். அவர் வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. "வேர்வக்கா, உள்ள ஒரே அவிச்சல்" என்று பாய் என் காதில் சொன்னார். வேர்வையாக இருக்கலாம். ஆனால் அவர் நடந்துபோன இடத்தில் காலடியோடு செம்மண் கலங்கல் பதிந்ததை நான் பார்த்தேன். "வாரேன் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

அடுத்த தடவை எஃப்.சி. கிடைத்துவிட்டது. கதவு சொன்னபடி கேட்டது. சாத்தினால் சாத்தியது, ஒரு விரலால் திறந்தது. ஆய்வாளரே நம்பாமல் நாலைந்து தடவை திறந்து மூடினார். தட்டலும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். மேலகரம் திரும்புகிற இடத்தில் முதல் சாரல் விழுந்தது. நீ முன் இருக்கையில் முழங்காலிட்டு, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாய்.

"அத்த இருக்காங்களாலே?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இல்லம்மா. அத்த எறங்கிட்டாங்க. அந்தத் தாத்தாதான் உக்காந்திருக்காங்க."

மறுநாள் உன்னை எதிர்வீட்டில் விட்டுவிட்டு சிவகிரிக்குப் பஸ் ஏறினேன். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். ஆகவில்லை. வேனோடு ஆற்றில் போனவர் வீடு எது என்று விசாரித்துப் போனபோது, வாசலில் ஆட்டுக்குத் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தார். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். மறைக்கலாமா என்று யோசித்தேன், ஆனால் அது அவருக்குச் சேர வேண்டியது என்று பட்டது. அவர் முதல் பாதியைத்தான் திரும்பக் கேட்டார்.

"எறங்கிட்டாளாமா?"

"எறங்கிட்டாங்கன்னுதான் சொல்லுதான்."

குழைக்கட்டை ஆட்டுக்கு எட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டினார். "அப்ப சரி. நான் அங்கனயே இருந்துட்டுப் போறேன் தாயி. அது என் எடந்தான்" என்றார். புறப்படும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "வண்டிய வேற யாருக்கும் குடுத்துராதீங்க."

அதில் பிள்ளைகளை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை; வண்டியை உடைக்கப்போகிறேன் என்றதும் உன் அப்பா போனில் கத்தினார். "எஃப்.சி. கெடச்ச வண்டிய எவளாவது ஒடைப்பாளா? கிறுக்கு புடிச்சிருக்கா?" என்றார். நான் உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வாங்க ஆள் வந்தார்கள், நல்ல வண்டி என்று. தரவில்லை. தெருக்காரர்களிடம் போய், பிள்ளைகளை இந்த வருஷம் பழையபடியே அனுப்புங்கள் என்று சொன்னபோது நான் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. பழைய இரும்புக்காரர் இடத்தில் நின்று, கேஸ் கட்டரால் வெட்டி முடிக்கும் வரை பார்த்தேன். பாதி வெட்டும்போது அந்த ஆள் நெருப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். "உள்ள யாரும் இருக்காங்களாம்மா?" என்றார். "இல்ல. நீங்க வெட்டுங்க" என்றேன். சிவகிரிக்காரரை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. நன்றாக இருந்தார் என்றும், ஆனால் கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டார், வேறெங்கோ இருக்கிறவர் போல இருப்பார் என்றும் அந்தப் பக்கத்துக்காரர்கள் சொன்னார்கள். மறுவருஷம் வேறொரு வேன் வாங்கினேன். நீ பள்ளிக்கூடம் போனது அதில்தான்.

ஆகவே ராசா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பிரேக் ஒருபக்கம் இழுக்கும், லைட் மங்கும், தரை துருப்பிடிக்கும், ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கும், டயர் மொட்டையாக இருக்கும். இதெல்லாம் வண்டியின் நோய், வைத்தியம் உண்டு. ஆனால் எஃப்.சி. நாளுக்கு மட்டும் மாட்டிக் கழற்றுகிற ஒரு பொருள் உன் வண்டியில் இருக்கக் கூடாது. சான்று வாங்குவது ஆய்வாளருக்காக இல்லை. பின்னால் தூங்கிக்கொண்டு வருகிறார்களே, அவர்களுக்காக. வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு உன்னை நம்பிக் கண்ணை மூடுவார்கள். ஒருநாள் தேவியும் அப்படித் தூங்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் புனலூருக்கு வருகிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்காதே. நான் பின்னால் ஏறி உட்காருகிறேன். நீ வெளியே நின்று கதவைச் சாத்து. நானே திறந்துகொண்டு இறங்கினால் வண்டியை வாங்கு. உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டால், அது அம்மாவா வேறு யாராவதா என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. கண்ணாடியை உடை.

அம்மா